எதிர்சேவைப் பந்தலுக்கு வாக்கிடாக்கி: எத்தனை வாட் வரை லைசென்ஸ் வேண்டாம்?

புதூர்க்காரன்:
மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வருடாவருடம் எங்கள் தெருக்காரர்கள் புதூரில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். கூட்டம் சேர்ந்துவிட்டால் போனில் சிக்னல் காட்டும், கால் மட்டும் போகாது. போன வருடம் ஒரு குழந்தை தொலைந்து, பந்தலின் அந்தக் கோடியிலேயே பத்திரமாக இருந்தும், தகவல் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்தப் பாட்டி அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் ஆறு வாக்கிடாக்கி வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தேன், ஐந்து வாட், பத்து கிலோமீட்டர் போகும் என்று போட்டிருக்கிறான், விலையும் கம்மி. இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவருகிறேன் என்கிறார், அது ஆகுமா?

திருநகர் ஹாம்:
தம்பி, அந்த ஐந்து வாட்டை வாங்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பேச 2018 விதிகள் விட்டிருக்கும் இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் அரை வாட். அந்த மாடலுக்கு மத்திய அரசில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவில் எடுத்த ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றிதழும் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள மாடல் எண்ணும் செட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2025இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்படி ஆன்லைனில் விற்பவர்களும் அலைவரிசையையும் சான்றிதழ் விவரத்தையும் போட்டாக வேண்டும், போடாதவனிடம் வாங்கவே வேண்டாம்.

மச்சான் கொண்டுவருவது 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். அங்கே 462இல் இரண்டு வாட் வரை லைசென்ஸ் இல்லாமல் பேசலாம், இங்கே அந்த அலைவரிசைக்கு விலக்கு கிடையாது.

செல்லூர் மெக்கானிக்:
அண்ணே, ஐந்து வாட் செட்டையே 446க்கு புரோகிராம் செய்து பவரைக் குறைத்து வைத்தால் போதாதா?

திருநகர் ஹாம்:
போதாது. அந்த வகைச் செட் பலவற்றில் லோ பவரே ஒரு வாட் வரும். அப்படியே அரை வாட்டுக்குக் குறைந்தாலும், பட்டனை அழுத்தினால் போலீஸ் அலைவரிசைக்குக்கூடப் போய்விடும் கருவி அது, திருவிழா நாளில் அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே தெரியாமல் விழுந்தால்கூட என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆன்டெனாவையும் மாற்றாதீர்கள், அரை வாட் என்பது வெளியே வீசும் அளவுக்கான வரம்பு, ஆன்டெனா மாறினால் அந்த அளவும் மாறிவிடும். ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான லைசென்ஸ், எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்லதுதான், 12 வயதிலிருந்தே பரீட்சை எழுதலாம், ஆனால் அது எழுதியவருக்கு மட்டும். உங்கள் ஆறு பேருக்கும் உதவாது.

ஒத்தக்கடை செல்வி:
எங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு வருடமாக அரை வாட் செட்தான் வைத்திருக்கிறோம். பத்து கிலோமீட்டர் எல்லாம் மலைக்கு மலை பேசினால்தான். கூட்டத்துக்குள் அரை கிலோமீட்டரே சிரமப்பட்டுத்தான் கேட்கும், மனித உடம்பும் சுவரும் அலையைக் குடித்துவிடும். ஒருவரை மொட்டை மாடியில் நிறுத்துங்கள், கீழே இருப்பவர்கள் சொல்வதை அவர் வாங்கி அடுத்தவருக்குச் சொல்லட்டும், அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு தடவைகூடத் தகவல் தவறவில்லை. இன்னொன்று, பிரைவசி கோட் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் குழந்தையின் பெயர், பெற்றோர் போன் நம்பர் எல்லாம் சொல்லாதீர்கள். அது அடுத்தவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் செய்யுமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. சட்டை நிறம், எந்தக் கம்பத்தடி என்று மட்டும் சொல்லுங்கள்.

புதூர்க்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. ஐந்து வாட்டை விட்டுவிட்டேன், மச்சானிடமும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பந்தலுக்கு எதிர் மாடி வீட்டில் கேட்டேன், சாவியைத் தருகிறேன் என்றார்கள்.