ஆன்லைன் கேசினோல ஜெயிச்ச பணத்தை எடுக்கோணும்னா மொதல்ல வரி கட்டச் சொல்றாங்க, கட்டலாமுங்களா?

திருப்பூர்_அக்கா:
வணக்கமுங்க. என் தம்பி விசயமா கேக்கறேன், வெவரம் தெரிஞ்சவங்க தயவு பண்ணி சொல்லுங்க. நாங்க பல்லடம் ரோட்டுல இருக்கறோம், தம்பி நிட்டிங் கம்பெனில மெசின் ஓட்டறான். தீபாவளி போனஸ் வந்ததுல இருந்து பொழுதுக்கும் போனும் கையுமாவே இருந்தான், என்னடான்னு கேட்டா ஒன்னுமில்லக்கான்னு சொல்லிருவான், இப்பத்தான் தெரியுது ஏதோ கேசினோ ஆப்புல ஆடிட்டு இருந்திருக்கறான்னு. பிளே ஸ்டோர்ல இருக்கறது இல்லீங்க, டெலிகிராம் குரூப்புல ஒருத்தன் லிங்க் அனுப்பி அதுல இருந்து எறக்குனது. மொதல்ல 500 போட்டு 900 எடுத்திருக்கறான், அது அஞ்சு நிமிசத்துல அக்கவுண்டுக்கு வந்துருச்சு, அந்த நம்பிக்கைல கொஞ்சம் கொஞ்சமா 40,000 வரைக்கும் போட்டுட்டான். இப்ப ஆப்புல 2,40,000 காட்டுது. வித்ட்ரா குடுத்தா பெண்டிங்னே நிக்குது. கஸ்டமர் கேர்னு டெலிகிராம்ல ஒருத்தன் பேசறான், அவன் 20,000 வெரிஃபிகேசன் டெபாசிட் கட்டு, பணத்தோட சேந்து திரும்பி வந்துரும்னு சொல்லிருக்கறான், இவனும் கட்டிட்டான். இப்ப 30 பர்சன்ட் வரி, 72,000 கட்டுனாத்தான் ரிலீஸ் ஆகும்னு முத்திரையெல்லாம் போட்ட லெட்டர் ஒன்னு அனுப்பிருக்கறாங்க. நாளைக்குக் காலைல அம்மா செயினை அடகு வெச்சுக் கட்டலாம்னு நிக்கறான். ஜெயிச்ச காசுக்கு 30 பர்சன்ட் வரிங்கறது நெசந்தான்னு தேடிப் பாத்தா வருது, அதனால எனக்கும் ஒரே கொழப்பமா இருக்குது. கட்டுனா பணம் வருமுங்களா?

ஈரோட்டு_கணக்கர்:
அம்மணி, மொதல்ல செயினை வாங்கி உங்க கைல வெச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறவன், வரி விசயம் மட்டும் தெளிவா சொல்லிடறேன். 30 பர்சன்ட்ங்கறது நெசம், 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆன்லைன் கேம்ல ஜெயிச்சதுக்கு டிடிஎஸ் புடிக்கோணும்னு வருமான வரிச் சட்டத்துல 194பிஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க. ஆனா டிடிஎஸ்னா என்ன அர்த்தம், குடுக்கறவன் குடுக்கற பணத்துல இருந்தே புடிச்சுக்கிட்டு மிச்சத்தை நம்ம கைல குடுக்கோணும், புடிச்சதை நம்ம பேன் நம்பர் பேர்ல கவர்மெண்டுக்குக் கட்டோணும், அது நம்ம பேர்ல கட்டுன வரியைக் காட்டற 26ஏஎஸ் அறிக்கைல தெரியும். சம்பளத்துல டிடிஎஸ் புடிக்கறப்ப மொதலாளி உங்களைய மொதல்ல வரியைக் கொண்டாந்து கட்டு, அப்பறம் சம்பளம் தரேன்னு கேக்கறாருங்களா? இன்னொன்னு பாருங்க, சட்டப்படி வரி மொத்த தொகைக்கு இல்ல, நாம போட்டதைக் கழிச்சு மிச்சம் நிக்கற லாபத்துக்குத்தான். உங்க தம்பி போட்டது 40,000, அப்பறம் அந்த 20,000, ஆக 60,000 போச்சுன்னா சுமாரா 1,80,000க்கு 30 பர்சன்ட் 54,000 பக்கம்தான் வரும். அவன் கேக்கறது 2,40,000க்கு அப்படியே 30 பர்சன்ட், 72,000. கணக்கே தெரியாதவன் எழுதுன லெட்டர் அது. வருமான வரி ஆபீஸ் எந்தக் காலத்துலயும் யூபிஐல யாரோ ஒரு தனி ஆளு பேருக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. அந்த 72,000 யாரு பேருக்கு அனுப்பச் சொல்லிருக்கறான்னு கொஞ்சம் பாருங்க.

திருப்பூர்_அக்கா:
பாத்தேனுங்ணா. ஒவ்வொரு தடவையும் வேற வேற யூபிஐ ஐடி குடுத்திருக்கறாங்க, ஒன்னு ஏதோ மளிகைக் கடை பேரு, ஒன்னு ஏதோ பொம்பளை பேரு. 72,000க்கு ஒரு பேங்க் அக்கவுண்ட் நம்பர், அதுவும் தனி ஆளு பேருதான்.

கோபி_வாய்க்கால்:
நான் கேசினோ சைட்டுகளோட ரூல்ஸ் எல்லாம் நெம்ப நாளா படிச்சுட்டு இருக்கறவன், இங்க நெறையா பேரு இதே கேள்வியோட வர்றதால எழுதறேன். நெசமாவே வெளிநாட்டுல நடக்கற கேசினோ சைட்லயும் பணம் எடுக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. போனஸ்னு ஒன்னு குடுப்பாங்க, 5,000 போட்டா 5,000 இலவசம்னு, ஆனா அந்தப் போனஸை 30 மடங்கு ஆடித் தீத்தாத்தான் எடுக்க முடியும்னு கீழ பொடி எழுத்துல இருக்கும், அப்படின்னா 1,50,000க்குப் பந்தயம் வெச்சு முடிக்கோணும், அதுக்குள்ள மொத்தமும் போயிரும். அப்பறம் கேஒய்சி கேப்பாங்க, பேன்ல இருக்கற பேரும் பேங்க்ல இருக்கற பேரும் ஒத்துப் போகலைன்னா நிறுத்துவாங்க, எந்த அக்கவுண்ட்ல இருந்து போட்டீங்களோ அதுக்கேதான் திருப்புவோம்பாங்க. இத்தனை அக்கப்போருலயும் ஒன்னை மட்டும் கவனிங்க, வித்ட்ராவுக்குப் புதுசா வெளிய இருந்து காசு கொண்டாந்து கட்டுன்னு கேட்டா அது கேசினோவே இல்ல. ஃபீஸ் இருந்தா பேலன்ஸ்ல கழிச்சுக்குவான். உங்க தம்பி பாக்கற 2,40,000ங்கறது அவங்க டைப் பண்ணி வெச்சிருக்கற நம்பரு, அவ்வளவுதான், அது எந்தப் பேங்க்லயும் இல்ல. மொதல்ல 900 வந்துச்சே, அது தூண்டில்ல மாட்டுன புழு. 72,000 கட்டுனாலும் நிக்காது, அடுத்து அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண் தப்பா இருக்குது, பணம் லாக் ஆயிருச்சு, எடுத்துவிட இன்னும் கட்டுன்னுவாங்க, அந்த எண்ணை ஆப்புக்குள்ள மாத்தி வெக்கறதே அவங்கதான்.

லக்கி_வின்னர்:
சிஸ்டர் கவலைப்படாதீங்க, எனக்கும் இதே மாதிரி 3 லட்சம் மாட்டிக்கிச்சு, ஒரு எத்திக்கல் ஹேக்கர் சார் ரெண்டே நாள்ல எடுத்துக் குடுத்தார், சின்ன ஃபீஸ்தான் வாங்குவாரு. இன்பாக்ஸ் வாங்க நம்பர் தரேன்.

கோபி_வாய்க்கால்:
அக்கா, மேல இருக்கறவனுக்குப் பதிலே போடாதீங்க, இன்பாக்ஸும் போகாதீங்க. பணம் போனவங்களைத் தேடி வந்து எடுத்துத் தரேன்னு இன்னொருக்கா புடுங்கறது ஒரு தனித் தொழிலாவே நடக்குது, பல நேரம் மொதல்ல ஏமாத்துன அதே கும்பல்தான் லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு வரும். அட்மின் இந்த ஐடியைத் தூக்குங்க.

பெருந்துறை_நூல்கடை:
அக்கட்டால எல்லாரும் பணம் வரலையேன்னு பேசறாங்க, நான் பணம் வந்ததால வந்த வெனையைச் சொல்றேன், இதையும் தெரிஞ்சுக்கோங்க. எங்க கடைக்கு கோன் நூல் எடுக்க வர்ற பையன் ஒருத்தன், சின்னதா நாலு தறி வெச்சு ஓட்டறான், இதே மாதிரி ஒரு கேம் ஆப்புல ஜெயிச்சு 8,000 அவன் அக்கவுண்டுக்கு வந்துச்சு. சந்தோசமா இருந்தான். கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு நூல் பாக்கி அனுப்பப் போனா அக்கவுண்ட் ஓடவே மாட்டீங்குது, பேங்க்ல போய்க் கேட்டா வடநாட்டுல ஒரு சைபர் ஸ்டேஷன்ல இருந்து லியன், அதாவது பணத்தை எடுக்க முடியாம நிறுத்தி வெக்கறது, போட்டிருக்கறாங்கன்னு சொல்லிட்டாங்க. வெசயம் என்னன்னா அந்த ஆப்புக்காரன் அவன் காசையா அனுப்புவான், வேற எங்கயோ ஒருத்தரை ஏமாத்திப் புடுங்குன காசை வாடகை அக்கவுண்டுக வழியா சுத்தி விட்டு இவனுக்கு அனுப்பிருக்கறான். அந்த ஏமாந்தவரு சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்கு கம்ப்ளெயின்ட் குடுத்ததும் பணம் போன வழியெல்லாம் ஒன்னொன்னா அடைச்சுட்டே வர்றாங்க, அதுல இவன் அக்கவுண்டும் மாட்டிக்கிச்சு. கூலி குடுக்க முடியாம நெம்ப செரமப்பட்டான். பேங்க்ல அந்தப் புகார் நம்பரும் எந்த ஸ்டேஷன்னும் எழுதி வாங்கி, ஸ்டேட்மெண்ட் எல்லாம் வெச்சு அந்த ஊரு ஆபீசருக்கு மெயில் போட்டு, அப்பறந்தான் சண்டைக்குண்டான தொகைய மட்டும் நிறுத்தி வெச்சுட்டு மிச்சத்தை விட்டாங்க. அதனால சம்பள அக்கவுண்டை இந்தக் கேம்கள்ல குடுக்கவே கூடாதுங்க.

திருப்பூர்_அக்கா:
அண்ணா எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. செயின் இப்ப எங்கிட்டதான் இருக்குது. தம்பிகிட்ட இதையெல்லாம் படிச்சுக் காட்டுனேன், மொதல்ல ஒத்துக்கவே இல்ல, கணக்கர் அண்ணா சொன்ன 54,000 கணக்கைப் போட்டுக் காட்டுனதும் அமைதியாயிட்டான். இப்ப வெசனம் என்னன்னா கம்ப்ளெயின்ட் குடுத்தா சூதாடுனேன்னு அவன் மேலயே கேஸ் போட்டுருவாங்களோன்னு பயப்படறான். கோவால எல்லாம் கேசினோ நடக்குதே, இது மட்டும் எப்படித் தப்புங்கறான். அவங்க வேற ஆதார், பேன் போட்டோ எல்லாம் வாங்கி வெச்சிருக்கறாங்க, பணம் கட்டலைன்னா போலீசுக்கு அனுப்புவோம்னு மெரட்டறாங்க.

கோவை_வக்கீல்_குமாஸ்தா:
சகோதரி, மெரட்டறவன் போலீசுக்குப் போக மாட்டான், போனா மொதல்ல மாட்டறது அவன்தான். சட்டத்தை உள்ளது உள்ளபடி சொல்றேன். கோவா, சிக்கிம்ல லைசென்ஸ் வாங்கி நேர்ல நடத்தற கேசினோ வேற, இங்க உக்காந்து போன்ல ஆடறது வேற. தமிழ்நாட்டுல 2022ஆம் வருசத்துச் சட்டம் ஒன்னு இருக்குது, கவர்னர் கையெழுத்து 2023 ஏப்ரல்ல ஆச்சு, அதுல ஆன்லைன் சூதாட்டம் ஆடறவங்களுக்கும் 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லைன்னா 5,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும்னு இருக்குது. நடத்தறவனுக்கு 3 வருசம், 10 லட்சம் வரைக்கும். 2023 நவம்பர்ல ஹைகோர்ட் ரம்மி, போக்கரை மட்டும் அந்தத் தடைல இருந்து எடுத்துச்சு, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கு உண்டான தடை அப்படியே நின்னுச்சு, ஸ்லாட்டு, ரூலெட் எல்லாம் அதுலதான் வரும். அப்பறம் 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல வந்த சட்டம் காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணுச்சு, திறமை ஆட்டமா இருந்தாலும் சேத்து. அதுல நடத்தறவனுக்கு 3 வருசம், 1 கோடி வரைக்கும், விளம்பரம் பண்றவனுக்கு 2 வருசம், 50 லட்சம் வரைக்கும். ஆடுனவங்களுக்கு அந்தச் சட்டத்துல தண்டனை வெக்கல. அப்ப பெரிய ரம்மி கம்பெனிகளே காசு ஆட்டத்தை நிறுத்திட்டு இருக்கற பேலன்ஸை எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, யாருகிட்டயும் அதுக்கு டெபாசிட் கேக்கல, அதையும் தம்பிக்குச் சொல்லுங்க.

ஆக மாநிலச் சட்டத்துல ஆடறவருக்கு தண்டனை எழுதிருக்குதுங்கறது உண்மை, மறைக்க விரும்பல. ஆனா நீங்க குடுக்கப் போறது மோசடிப் புகார், உங்களைய நம்ப வெச்சுப் பணம் வாங்கி ஏமாத்திட்டாங்கன்னு. இந்தப் பயத்தை நம்பித்தான் அவங்க பொழப்பே ஓடுது. மனசுக்கு ஒரு தெம்பு வேணும்னா ஒரு வக்கீலை வெச்சு எழுதிக் குடுங்க, ஆனா 1930க்கு இப்பவே கூப்புடுங்க, அதுக்கு யாருக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த 20,000 எப்ப கட்டுனாரு?

திருப்பூர்_அக்கா:
நேத்து சாயந்தரமுங்க.

கோவை_வக்கீல்_குமாஸ்தா:
அப்ப ஒரு நிமிசம் கூடத் தாமதிக்காதீங்க. பணம் இன்னும் ஏதாவது ஒரு அக்கவுண்ட்ல நிக்க வாய்ப்பு இருக்குது, அடுத்த அக்கவுண்டுக்குத் தள்றதுக்குள்ள நிறுத்துனாத்தான் திருப்பி வாங்க முடியும். யூபிஐ ஆப்புல ஒவ்வொரு பணம் அனுப்புனதுக்கும் 12 இலக்க யூடிஆர் நம்பர் இருக்கும், அதெல்லாம், தேதி, நேரம், எந்த ஐடிக்குப் போச்சு எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டுக் கூப்புடுங்க. சைபர்கிரைம் போர்ட்டல்லயும் போடுங்க, வர்ற புகார் நம்பரைப் பத்திரமா வெச்சுக்கோங்க. முக்கியமா டெலிகிராம் சாட்டை இப்பவே ஸ்கிரீன்சாட் எடுங்க, அவன் நெனச்சா உங்க போன்ல இருந்தும் சேத்து அழிச்சுருவான். எடுத்து முடிச்சதும் அந்தக் கேசினோ ஆப்பைத் தூக்கிருங்க, எஸ்எம்எஸ் படிக்கற பர்மிசன் வாங்கிருக்கலாம், அப்பறம் யூபிஐ பின்னு, மெயில் பாஸ்வேர்டு மாத்திருங்க. ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வெய்யுங்க. பேன் போட்டோ போயிருக்கறதால தம்பி பேர்ல யாராவது லோன் எடுத்திருக்கறாங்களான்னு மாசத்துக்கு ஒருக்கா கிரெடிட் ரிப்போர்ட் பாருங்க.

ஈரோட்டு_கணக்கர்:
அம்மணி, இன்னொன்னு. தம்பியைத் திட்டாதீங்க, இன்னைக்கு ராத்திரி தனியா விடாதீங்க. காசு போன பசங்க என்ன முடிவுக்கெல்லாம் போறாங்கன்னு நம்ம ஊர்லயே பாத்திருக்கறோம். மனசு விட்டுப் பேசத் தோணுச்சுன்னா உதவி நம்பருக 104க்கோ 14416க்கோ கூப்புடலாம், ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

திருப்பூர்_அக்கா:
1930க்குக் கூப்ட்டாச்சுங்க, கொஞ்ச நேரம் லைன் கெடைக்கல, அப்பறம் ஒரு மேடம் பொறுமையா எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க, புகார் நம்பர் மெசேஜ்ல வந்துருச்சு. தம்பி பக்கத்துலதான் உக்காந்திருக்கறான், அவனே யூடிஆர் எல்லாம் எடுத்துக் குடுத்தான். காலைல மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கும் போறோம். ஒரே ஒரு சந்தேகமுங்க, அந்த 900 ரூபா வந்துச்சே, அதனால தம்பி சம்பள அக்கவுண்டும் மேல சொன்ன மாதிரி லாக் ஆயிருமுங்களா?

பெருந்துறை_நூல்கடை:
ஆகவும் வாய்ப்பு இருக்குதுங்க, அதனால அந்த 900 வந்ததையும் புகார்லயே சேத்து எழுதிருங்க, எந்த ஐடில இருந்து வந்துச்சுன்னு யூடிஆரோட. நாளைப்பின்ன யாராவது லியன் போட்டா இந்தப் புகார் காப்பியைத்தான் காட்டோணும். ஸ்டேஷன்ல ரசீது வாங்கி ஒரு காப்பியை அவங்க பேங்க் கிளைலயும் குடுத்து சீல் வாங்கிக்கோங்க. சனிக்கெழமை சம்பளம் போடறதுக்குள்ள கம்பெனில சொல்லி இந்த ஒரு மாசத்துக்கு வேற அக்கவுண்டுக்கு மாத்திக்கிட்டா நல்லதுங்க.

திருப்பூர்_அக்கா:
செரிங்ணா, ஸ்டேஷன் போய்ட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதறேன்.