பழைய குங்ஃபூ படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

டெக்கு_வாடகை:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 'ஷாவ்லினின் 36ஆம் அறை' படத்தை எத்தனையாவது முறையோ பார்த்து முடித்தேன். 1978இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த படம், இயக்கியவர் லாவ் கார் லியுங், நாயகன் கோர்டன் லியு. கதை தெரியாதவர்களுக்காக: சீனாவை ஆண்ட மஞ்சு ஆட்சியாளர்களிடம் எல்லாவற்றையும் இழந்த ஒரு பையன் ஷாவ்லின் பௌத்த மடத்துக்கு ஓடிப்போய், முப்பத்தைந்து அறைகளில் ஒவ்வொன்றாகப் பயிற்சி எடுத்து சான் தெ என்ற துறவியாகிறான்.

இப்போது வருகிற ஆக்‌ஷன் படங்களில் ஒரு குத்து விழுவதற்குள் நாலு கட். யார் யாரை அடித்தார் என்பது அடி வாங்கியவனுக்கே தெரியாது. அந்தக் காலத்தில் கேமராவைத் தள்ளி நிறுத்தி, ஆளைத் தலை முதல் கால் வரை காட்டி, பத்துப் பதினைந்து வீச்சை ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். சண்டை தெரிந்தவர்கள் உண்மையாகச் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். மறுப்பவர்கள் வரலாம், டீ போட்டு வைத்திருக்கிறேன்.

பாப்கார்ன்_பாண்டி:
வந்துவிட்டேன் அண்ணே, சர்க்கரை கம்மியாக.

நீங்கள் ரசிப்பது படத்தை இல்லை, எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் டெக்கு (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் பார்த்த அந்த ராத்திரியை. படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். குருவைக் கொன்றான், பயிற்சி, பழி. அடுத்த படத்தில் அண்ணனைக் கொன்றான், பயிற்சி, பழி. வில்லனுக்கு வெள்ளைப் புருவம், இடுப்பு வரை தாடி, ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்குள் போய் முட்டுகிற மாதிரி ஒரு ஜூம். வாய் ஒரு பக்கம் அசைகிறது, வசனம் இன்னொரு பக்கம் வருகிறது. அடி விழுகிற சத்தம், ஈரப் போர்வையைத் துவைகல்லில் அடிப்பது போல.

'உண்மையான சண்டை' என்றீர்களே, அங்கேதான் சிரிப்பு வந்தது. நொடிக்கு 24 பிரேம் எடுக்க வேண்டிய இடத்தில் 22, 20 என்று குறைத்து எடுத்து, ஓட்டும்போது வழக்கமான வேகத்தில் ஓட்டினால் கை கால் எல்லாம் பறக்கும். ஹாங்காங்கில் இது ஊரறிந்த வேலை. இதில் உண்மை எங்கே இருக்கிறது?

சிங்கை_செல்வி:
வாய் ஒட்டாததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, இதைக் கிண்டல் செய்பவர்களுக்குப் பாதி விஷயம் தெரிவதில்லை. அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலி பதியாமல்தான் எடுக்கப்பட்டன, அப்புறம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். ஹாங்காங் ஊர்மொழி காண்டனீஸ், ஷா பிரதர்ஸ் படங்கள் பெரும்பாலும் இன்னொரு சீன மொழியான மாண்டரின். அதனால் ஆங்கில டப்பிங்கில் மட்டுமில்லை, மூலத்திலேயே நடிகர் வாய் வேறு, குரல் வேறாக இருக்கும்.

ஏன் அப்படி என்றால் இவை ஒரு ஊருக்காக எடுத்த படங்களே இல்லை. ஷா சகோதரர்கள் 1920களிலேயே எங்கள் சிங்கப்பூருக்கு வந்து, இங்கேயும் மலாயாவிலும் திரையரங்குகள், பொழுதுபோக்குப் பூங்காக்கள் என்று கடை விரித்தவர்கள். 1961இல் ஹாங்காங்கின் கிளியர்வாட்டர் பே மலைச்சரிவில் அந்தப் பிரம்மாண்டமான ஸ்டூடியோவைத் திறந்ததே இந்த அரங்குகளுக்கெல்லாம் படம் அனுப்பத்தான். திரைக்குக் கீழே சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடும். என் அப்பாவுக்குச் சீனம் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் வாரம் தவறாமல் போவார். எழுத்தைப் படித்தாரா என்று கேட்டால், 'சண்டைக்கு எதுக்கும்மா எழுத்து' என்பார்.

கம்பு_சுந்தரம்:
டெக்கு அண்ணன் சொல்வதும் தப்பு, பாண்டி தம்பி சொல்வதும் தப்பு. பன்னிரண்டு வருடம் சிலம்பம் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உண்மையான சண்டை பார்க்க அசிங்கமாக இருக்கும். ஐந்து நொடியில் ஒருத்தன் தரையில் கிடப்பான், ஏன் விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒன்பது நிமிடம் நடக்கிற, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தடுப்பு உள்ள சண்டை உலகத்தில் எங்கேயும் கிடையாது. இது பீக்கிங் ஓபரா என்ற சீனக் கூத்து மேடையில் இருந்து வந்தது. இயக்குநர் கிங் ஹூவின் படங்களுக்குச் சண்டை அமைத்த ஹான் யிங்ஜியே ஓபராக்காரர். 1966இல் 'என்னுடன் குடிக்க வா' படத்தில் சத்திரத்துக்குள் உட்கார்ந்துகொண்டே ஒரு கூட்டத்தைத் திணற அடித்த நடிகை செங் பெய் பெய் முதலில் நாட்டியம் கற்றவர். ஜாக்கி சான், சாமோ ஹுங், யுவென் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் ஒரே ஓபரா பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்க்கப்பட்ட பிள்ளைகள்.

அந்த மேடையில் சண்டைக்குத் தாளம் உண்டு. முரசும் ஜால்ராவும் ஓடும், ஒரு வரிசை அடி, சட்டென்று உடம்பு உறைந்து நிற்கும், கண் மட்டும் திரும்பும், மறுபடி வரிசை. நம் ஆட்டத்தில் ஜதி முடிகிற இடத்தில் தீர்மானம் வைத்து நிற்பதில்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. அந்த நிற்றல்தான் எனக்குச் சுவை. நின்றால்தானே முந்தைய அடி எவ்வளவு வேகம் என்று தெரியும். பிரேம் குறைத்து எடுத்தால் கை வேகமாகத் தெரியலாம், சரி. ஆனால் தளர்ந்த முழங்காலையும் தப்பான கால்வைப்பையும் எந்தப் பிரேமாலும் மறைக்க முடியாது.

பாப்கார்ன்_பாண்டி:
சுந்தரம் அண்ணன் என் கட்சிக்குத்தான் பேசியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நாட்டியம் என்றால் நாட்டியம் என்று சொல்லுங்கள், 'ஒரிஜினல் சண்டை' என்று விற்காதீர்கள்.

எடிட்டிங்_மேஜை:
தொழில் முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 'பழையது என்றால் நீள ஷாட், புதியது என்றால் துண்டு துண்டு' என்பது பாதிப் பொய். கிங் ஹூவின் 'ஜென்னின் ஒரு தீண்டல்' பாருங்கள், மூங்கில் காட்டுச் சண்டை. மூங்கில் உச்சியில் இருந்து ஆள் பாய்கிறான். நமக்குக் கிடைப்பதோ ஒரு துணி, ஒரு கால், ஒரு வாள்முனை, அவ்வளவும் கண் சிமிட்டுவதற்குள். வேண்டுமென்றே முழுசாகக் காட்டாமல், 'இப்போது என்ன பார்த்தேன்' என்று நம்மைத் தவிக்க வைத்தார். 1975இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு வாங்கிய படம் அது. ஷா பிரதர்ஸ் இயக்குநர் சாங் செ வேறு மாதிரி, நெஞ்சில் கத்தி இறங்கியதும் ஸ்லோ மோஷன், நாயகன் சாக ஐந்து நிமிடம். லாவ் கார் லியுங் இன்னொரு மாதிரி, அவர்தான் டெக்கு அண்ணன் சொல்கிற முழு உடம்பு ஆள்.

நான் வெட்டியிருக்கிற சண்டைகளில் பாதிக்கு மேல் நான் கட் வைத்தது அழகுக்காக இல்லை, நடிகருக்குக் கால் தூக்க வராததால். கிங் ஹூ வைத்த கட் அந்த வகை இல்லை.

மாலை_காட்சி:
இத்தனை பேர் பேசி ப்ரூஸ் லீ பெயரே வரவில்லை, நல்ல கூத்து.

டெக்கு_வாடகை:
வரும் வரும். ப்ரூஸ் லீ இந்த மரபுக்கு எதிர்க்கட்சி. 1971இல் 'பிக் பாஸ்' வந்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்ததே, சண்டை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததால்தான். மூன்று உதை, ஆள் காலி. ஷா பிரதர்ஸில் சேரவில்லை, புதிதாகத் தொடங்கியிருந்த கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற பட நிறுவனத்தின் பக்கம் போனார், 1973 ஜூலை 20இல் 32 வயதில் இறந்துபோனார். அதற்கப்புறம் ப்ரூஸ் லி, ப்ரூஸ் லே என்று அவரைப் போலவே பெயரும் முடியும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது, அதில் சிலதை நானும் காசு கொடுத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

சுந்தரம் சொன்னதில் ஒரு திருத்தம். எல்லாமே மேடையில் இருந்து வந்ததில்லை. லாவ் கார் லியுங்கின் அப்பா, லாம் சாய் விங்கிடம் கற்றவர். லாம் சாய் விங், வோங் ஃபெய் ஹுங் என்ற நிஜமான குங்ஃபூ ஆசானின் நேரடிச் சீடர். அதாவது 1949 முதல் க்வான் தக் ஹிங் நடித்துப் படம் படமாக வந்த அந்தக் கதாநாயகன் வோங் ஃபெய் ஹுங், இவர் வீட்டுக்குக் குருவுக்குக் குரு. ஹுங் கார் என்ற குங்ஃபூ முறையைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்தவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். எனவே 'உண்மை' என்ற சொல்லை நான் முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன்.

பாண்டி, பழி பழி என்கிறாயே, அதே லாவ் அதே 1978இல் எடுத்த இன்னொரு படம் 'கிழக்கின் வீரர்கள்'. சீனக் கணவன், ஜப்பானிய மனைவி, யாருடைய வித்தை பெரியது என்று வீட்டுக்குள் சண்டை. அது முற்றி ஜப்பானில் இருந்து கரத்தே, வாள், ஈட்டி, நிஞ்சா என்று ஒவ்வொரு ஆசானாக வந்து மாப்பிள்ளையோடு மோதுகிறார்கள். படம் முழுக்க ஒரு சாவு கிடையாது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இத்தனை பேரை இழுத்த படம் வேறு உண்டா?

போதி_பக்தன்:
என்ன பேசினாலும் இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் என்பதை மறக்க வேண்டாம் நண்பர்களே. 2011இல் வந்த தமிழ்ப் படம் அதைத்தானே காட்டியது.

கம்பு_சுந்தரம்:
தம்பி, போதிதர்மர் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு ஆள். அவரை ஷாவ்லின் உடற்பயிற்சியோடு சேர்த்த 'யிஜின் ஜிங்' என்ற நூல் பதினேழாம் நூற்றாண்டு, இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேல். தென்னிந்தியாவில் இருந்து போனவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது, பாரசீகம் பக்கம் என்று அதற்கும் முந்தைய குறிப்பு சொல்கிறது. தியானம் சொல்லிக்கொடுத்தார், அதுவே பெரிய பெருமை. குத்துவிடவும் அவரேதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமா?

நெறியாளர்:
போதிதர்மருக்கு 214 பின்னூட்டத்தோடு தனி இழை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே போகவும்.

பாப்கார்ன்_பாண்டி:
சரி, ரசனையை விடுவோம். யார் செலவில் ரசிக்கிறோம் என்று பேசலாமா? சுந்தரம் அண்ணன் பெருமையாகச் சொன்ன அந்த ஓபரா பள்ளிக்கு ஜாக்கியைப் பெற்றோர் பத்து வருட ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்தார்கள், அங்கே பிரம்படி வாங்கியதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1985இல் 'போலீஸ் ஸ்டோரி' படத்தில் வணிக வளாகக் கம்பத்தில் சறுக்கிக் கை வெந்தது. அடுத்த வருடம் யூகோஸ்லாவியாவில் மரத்தில் இருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்தது. பெயர் தெரிந்தவருக்கே இந்தக் கதி, பின்னால் கூட்டத்தில் விழுந்த பெயர் தெரியாத ஸ்டன்ட்காரர்கள் எத்தனை பேர்? ஷா பிரதர்ஸில் நடிகர்களைக் குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் கட்டி, ஸ்டூடியோ விடுதியிலேயே தங்க வைத்தார்கள். இதைப் 'பொற்காலம்' என்று எழுதும்போது உங்களுக்கெல்லாம் கை கூசவில்லையா?

சிங்கை_செல்வி:
இதில் பாண்டி சொல்வது நியாயம், நான் மறுக்கப்போவதில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங் பெய் பெய் வாள் எடுத்த மறுவருடமே, 1967இல், சாங் செயின் 'ஒற்றைக்கை வாள்வீரன்' ஹாங்காங்கில் பத்து லட்சம் டாலர் வசூலைத் தாண்டிய முதல் உள்ளூர்ப் படமானது. அதற்கப்புறம் சட்டை இல்லாத ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் சாகிற படங்கள் வரிசை கட்டின, பெண்கள் ஓரத்துக்குப் போனார்கள். திரும்பி நடுவுக்கு வரப் பல வருடம் ஆயிற்று. ஹாங்காங் திரைப்பட விருது 1982இல் தொடங்கியபோது முதல் சிறந்த நடிகை காரா ஹுய், 'என் இளம் அத்தை' என்ற குங்ஃபூ படத்துக்காக. அதுவும் லாவ் படம்தான். சண்டைப் படத்துக்குச் சிறந்த நடிகை விருது கொடுக்க நம் பக்கம் எத்தனை பேருக்கு மனசு வரும்?

டெக்கு_வாடகை:
பாண்டி கேட்டதற்கு எனக்குப் பதில் இல்லை. ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். 'எட்டு முகக் கம்பு வீரன்' எடுத்துக்கொண்டிருக்கும்போது, 1983இல், அதில் முக்கிய வேடத்தில் இருந்த ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார். எடுத்ததை அப்படியே வைத்து, கதையை மாற்றி, கோர்டன் லியுவை நடுவில் நிறுத்திப் படத்தை முடித்தார்கள். போரில் சகோதரர்களைப் பறிகொடுத்துப் புத்தி கலங்கிய தம்பியாக ஃபூ ஷெங் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டு வருவார், பிறகு படத்தில் இருக்க மாட்டார். ஏன் இல்லை என்று படம் சொல்லாது. கடைசியில் சவப்பெட்டிகள் அடுக்கிய சத்திரத்தில் கம்புச் சண்டை நடக்கும்போது, அதில் வித்தை காட்டுகிற சந்தோஷமே இருக்காது, வெறும் ஆத்திரம்தான். அந்தக் காட்சியை நான் ரசிக்கிறேன் என்று சொல்லவே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எடிட்டிங்_மேஜை:
பாண்டி, ஒரு வேலை செய்யுங்கள். '36ஆம் அறை'யைப் பாருங்கள், முழுசாக இல்லை, பயிற்சிப் பகுதியை மட்டும். பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

பாப்கார்ன்_பாண்டி:
(மறுநாள்)
பார்த்தேன். முதலில் வருகிற புரட்சி, துரோகம் எல்லாம் நான் சொன்ன மாதிரியே மாவாட்டுகிற வேலை, ஓட்டிவிட்டேன். அப்புறம் மடம். பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி நேராக உச்சி அறைக்கே போகிறேன் என்று போய், அங்கே ஓதுகிற சூத்திரம் புரியாமல் விழிக்கிறான். அடியில் இருந்து ஆரம்பி என்று அனுப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகத் தண்ணீரில் மிதக்கிற கட்டைக் கட்டின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். தாண்டினால் சோறு. பயல் விழுகிறான், நனைகிறான், மறுபடி விழுகிறான். அதில் சண்டையே இல்லை, வில்லனும் இல்லை, நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் கையை நீட்டி வாளி தூக்குகிற இடம், கை தாழ்ந்தால் கட்டி வைத்த கத்தி விலாவில் குத்தும். என் தோள் வலித்தது, சத்தியமாக.

கதை மோசம் என்று சொன்னதில் இருந்து இறங்க மாட்டேன். சம்பள விஷயத்திலும் இறங்க மாட்டேன். ஊதுபத்திக்கு நடுவே தலையை அசைக்காமல் விளக்கைக் கண்ணால் மட்டும் தொடர்கிற அறையில் நிறுத்தியிருக்கிறேன், மிச்சம் இன்று ராத்திரி. ஒரு சந்தேகம்: சங்கிலியில் கோத்த மூன்று துண்டுக் கம்பு கடைசியில் வருமாமே, அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறதா?

கம்பு_சுந்தரம்:
நாங்கள் மூன்று துண்டு என்றுதான் சொல்வோம். மூங்கிலை வெட்டி நாய்ச் சங்கிலியில் கோத்து மொட்டை மாடியில் நானே செய்து பார்த்தேன், 1991இல். முன்பல் ஒன்று இப்போது இருப்பது கட்டின பல். படத்தை மட்டும் பாருங்கள் தம்பி.