எல்எஸ்டி டிஃபரன்ஷியலுக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர்: முழுப் புட்டியையும் ஊற்றலாமா?

பாலிக் பூலாவ் வாசி:
அனைவருக்கும் வணக்கம். டுரியான் தோட்ட வேலைக்காகப் பழைய பிக்அப் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் பின் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை அனுப்பும் வகை என்று கையேட்டில் இருக்கிறது. எண்ணெய் நிரப்பும் துளைக்கு அருகிலும் ‘எல்எஸ்டி எண்ணெய் மட்டும்’ என்ற சிறு தகடு உண்டு. சென்ற மாதம் எண்ணெய் மாற்றிய பட்டறையில் அந்தத் தகட்டைப் பார்க்காமல் சாதாரண ஜிஎல்-5 80டபிள்யூ-90 எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து, பேரங்காடியின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்து மெதுவாக வளையும்போதெல்லாம் பின்பக்கம் ‘கடகட’ என்று அதிர்கிறது. நேர்ச்சாலையில் ஒரு சத்தமும் இல்லை. மீண்டும் அங்கே போய்க் கேட்டதற்கு, எண்ணெயில் கலந்து உராய்வை மாற்றும் மாடிஃபையர் 118 மில்லி புட்டி ஒன்றைக் கொடுத்து, முழுவதையும் ஊற்றச் சொன்னார்கள். டிஃபரன்ஷியல் கொள்ளளவு 2 லிட்டருக்குச் சற்று அதிகம். அப்படியே ஊற்றலாமா, அல்லது எண்ணெயையே மாற்றிவிட வேண்டுமா?

செந்தூல் கியர்க்காரன்:
வணக்கம். டிஃபரன்ஷியல் கழற்றிப் பூட்டுவதுதான் என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வளைவில் உள்சக்கரத்தைவிட வெளிச்சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும். அதற்கு இடம் கொடுக்க, எல்எஸ்டிக்குள் அடுக்கப்பட்டிருக்கும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். மாடிஃபையர் இல்லாத எண்ணெயில், தட்டுகள் நின்ற நிலையில் இருக்கும் உராய்வு, அவை வழுக்கும்போது இருக்கும் உராய்வைவிட அதிகமாக இருப்பதால், தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. முறுக்கு ஏறியதும் சட்டென்று விடுபடுகின்றன. மறுகணமே மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. ஈர விரலால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விட்டு விட்டு நகரும். உங்கள் பிக்அப்பில் கேட்பதும் அதே கதைதான். மாடிஃபையர் மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, கொழுப்புத் தன்மையுள்ள மறுமுனை எண்ணெய்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால், தட்டுகளுக்கு இடையே மெல்லிய மெத்தை போன்ற ஒரு படலம் அமைந்து, அவை ஒட்டாமல் சீராக வழுக்குகின்றன.

ஆனால் தட்டுகள் பற்றிக்கொள்வதால்தான் எல்எஸ்டிக்கே வேலை. மாடிஃபையர் அளவுக்கு மிஞ்சினால், மழைக்குப் பிறகு தோட்டச் சரிவில் ஒரு சக்கரம் சேற்றில் சுழலும்போது மற்றச் சக்கரத்துக்கு விசை போதிய அளவு போகாது. சத்தம் போய்விட்டது என்று மகிழ்ந்து, பிறகு சேற்றில் மாட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால், சத்தம் வருவதே தட்டுகளில் இன்னும் பிடிப்பு இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். முற்றிலும் தேய்ந்த எல்எஸ்டி பெரும்பாலும் வாய் திறக்காது.

ஒரு மாத எண்ணெயைக் கீழே விட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நிரப்பும் துளை வழியாகப் பெரிய சிரிஞ்சால் 30 மில்லி எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு மாடிஃபையரை ஊற்றுங்கள். பிறகு காலியான இடத்தில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை எட்டு போடுங்கள். மாடிஃபையர் தட்டுகளுக்கு இடையே புகும் வரை பயன் தெரியாது. அதிர்வு மிச்சமிருந்தால் இன்னொரு 30 மில்லி.

செராஸ் எம்எக்ஸ்-5:
இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்எஸ்டி என்றாலே மாடிஃபையர் என்று ஓட வேண்டாம். நான் ஓடினேன், காசு வீணானது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காடியின் 1.6 லிட்டர் வகையில் வந்தது விஸ்கஸ் எல்எஸ்டி. அதன் வேலை மூடிய கூட்டுக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவத்தில் நடக்கிறது. வெளியே கியர் எண்ணெயில் எதைக் கலந்தாலும் அதற்குத் தெரியாது. 1994 முதல் 1.8 லிட்டர் வகைக்கு வந்த டார்சன், பற்சக்கரங்களின் உராய்விலேயே இயங்குவது. அதில் கிளட்ச் தட்டு அடுக்கே கிடையாது. மேலும், ‘எல்எஸ்’ என்று குறிப்பிட்டு விற்கும் எண்ணெய்களில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கும். அவற்றின்மேல் ஒரு புட்டியையும் சேர்ப்பது, உப்புப் போட்ட குழம்பில் கேட்காமல் மறுபடி உப்புப் போடுவது போன்றது. புட்டியை வாங்கும் முன் எண்ணெய் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்.

பாலிக் பூலாவ் வாசி:
இருவருக்கும் நன்றி. டப்பாவைத் தேடி எடுத்துப் படித்தேன். ‘எல்எஸ்’ என்ற எழுத்தே இல்லை. ஞாயிறு காலை 30 மில்லி ஊற்றி எட்டு போட்டதில் அதிர்வு பாதியாகக் குறைந்தது. மாலையில் இன்னொரு 30 மில்லி ஊற்றியபின், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தாலும் சத்தம் இல்லை. புட்டியில் பாதி மிச்சம். இனி, எல்எஸ்டியின் பிடிப்பு குறையவில்லை என்று சோதிக்க, ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கியர் போட்டுப் பார்க்கலாமா?

செந்தூல் கியர்க்காரன்:
வேண்டவே வேண்டாம். சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும். எல்எஸ்டியில் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போவதால், வண்டி ஜாக்கிலிருந்து குதித்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தூக்கிய பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். விறைப்பாகத் தடுத்தால் பிடிப்பு இருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போது பட்டறையில் டார்க் ரெஞ்ச் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.