கோலார் தங்கவயல் கடைகளில் உங்களுக்கு நேர்ந்த மறக்க முடியாத அனுபவம்

ஆம்பூர் வாசகி:
ராபர்ட்சன்பேட்டை சந்தையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இங்குள்ள பாதிப் பேர் அங்கே வளர்ந்தவர்கள்தாம். சென்ற மார்கழியில், ஒரு பக்கம் கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டே மறுபக்கம் பழைய சுரங்கச் சாமான்களை விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கார்பைடு விளக்கு, நசுங்கிய தலைக்கவசம் என எல்லாவற்றுக்கும் விலை சொன்ன பெரியவர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையை மட்டும் என் கையிலிருந்து மெல்ல வாங்கி, வேட்டி முனையால் துடைத்து, மீண்டும் ஆணியில் மாட்டிவிட்டார். "இது விற்பதற்கில்லை அம்மா, இந்த எண்காரர் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள்" என்றார். சுரங்கம் மூடப்பட்டதோ 2001 பிப்ரவரி 28 அன்று. என் தாத்தாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்தான். அவருடைய எண் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பங்காருப்பேட்டைக்காரன்:
அந்தப் பெரியவரை நான் அறியேன். ஆனால் 'விற்பதற்கில்லை' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சகோதரி. வேறொரு கடையில் அதே சொல்லைக் கேட்டுத் திரும்பிய நான், மறுவாரம் அதே விளக்கை இரட்டை விலைக்கு வாங்கி வந்தேன். அது போகட்டும். கார்பைடு விளக்கு வாங்குவோர் மேல்கிண்ணத்தில் நீர் ஊற்றி, திருகைத் திறந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த நீர் கார்பைடு கல்லில் பட்டு எழும் அசிட்டிலின் வாயுதான் எரிகிறது என்பதால், சொட்டு அடைத்துக்கொண்டால் கையில் இருப்பது வெறும் பித்தளைதான். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கரி படிந்த தகடுதான் அதன் வயதுக்குச் சாட்சி. வீட்டுக்குள் ஏற்றவே வேண்டாம்.

மாரிக்குப்பம் மருமகள்:
எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம், அண்ணா. ஆண்டர்சன்பேட்டையில், ஊதுவத்தியும் அடுப்புத் திரியும் பள்ளிக்கூடச் சிலேட்டும் ஒரே பலகையில் அடுக்கியிருந்த ஒரு மளிகைக்கடையில், பேச்சுவாக்கில் என் மாமனாரின் பெயரைச் சொன்னேன். "எந்த லைன்?" என்று தொழிலாளர் குடியிருப்பு வரிசையை மட்டும் கேட்ட கடைக்காரர், பரணிலிருந்து ஒரு கடன் நோட்டை இறக்கி, எச்சில் தொட்டுப் புரட்டி, 37 ரூபாய் பாக்கி என்றார். நான் நீட்டிய 500 ரூபாய்த் தாளைத் தொடாமல், சில்லறையாகவே கேட்டு வாங்கி, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அடிக்காமல் கிடந்த மற்றப் பெயர்களையும் என் கண் வாசித்துவிட்டது. அவற்றில் இரண்டு எங்கள் தெருக்காரர்களுடையவை. அந்த வீடுகளில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.