பெரியப்பாவின்ர கிற்றார்

குழு: குருநகர் வீடு

ஜெனி: எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின்ர கிற்றாரைக் கேட்டு கொழும்பில இருந்து ஒராள் வந்தவர். ஒன்றரை லட்சம் தாறாராம். அம்மா ஓம் எண்டிட்டா. ஞாயிறு திரும்ப வருவார். மாரிக்கு முதல் குசினிப் பக்கம் ஓடு மாத்தோணும், தெரியும்தானே.

ஜெனி: (படங்கள் 4)

டிலான்: ஆஆ பெரியப்பான்ர கிற்றார்!!

மதன்: ஆரைக் கேட்டு?

ஜெனி: அம்மாவைக் கேட்டு.

ரெஜினா மாமி: இப்பவும் மினுங்குது. அண்ணை துடைச்சபடி

சீலன் சித்தப்பா: பிள்ளை, அவசரப்படாதை. வேலையால இப்பதான் வந்து படத்தைப் பெருசாக்கிப் பாத்தனான். ஓட்டைக்குள்ளால தெரியிற லேபிள் சிவப்பு. யமஹா எஃப்ஜி 180. அந்த வரிசை 1966 இலதான் துவங்கினது. சிவப்பு லேபிள் எண்டால் முதல் வருசங்களில ஜப்பானில செய்தது. நிப்பொன் கக்கி எண்டு எழுதியிருக்கும். அதுதான் கொம்பனியின்ர அப்பத்தைப் பேர், 1987 இலதான் யமஹா கோப்பரேசன் எண்டு மாத்தினவங்கள். பெரியண்ணை கப்பலில நிக்கேக்கை யோக்கோஹாமாவில வாங்கினவர். முன்பக்கம் ஸ்புரூஸ் மரம், ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகை எண்டால் எங்கட வெக்கைக்கும் கடல்காத்துக்கும் வெடிச்சிருக்கக்கூடும். ஒட்டுப்பலகை எண்டு சொல்லி விலையைக் குறைக்கப் பாப்பாங்கள், விடாதை.

மதன்: சித்தப்பா மூச்சு விடுங்கோ

சீலன் சித்தப்பா: இன்னும் முடியேல்ல. ஜெனி, கம்பி இறுக்கியே கிடக்கு?

ஜெனி: கொஞ்சம் தளர்த்தித்தான். கெவின் கோயில் பாட்டுக்கு எடுக்கிறவன்.

சீலன் சித்தப்பா: நல்லது. இரும்புக் கம்பி வருசக்கணக்கா இழுத்தால் கம்பி பூட்டியிருக்கிற பிரிட்ஜ் கட்டை கிளம்பும், கழுத்து முன்னுக்கு வரும். 12 ஆவது கட்டத்தில, தடிச்ச கம்பிக்குக் கீழ அடிமட்டம் வைச்சுப் பார். 3 மில்லிமீற்றருக்குள்ள நிண்டால் சுகமா வாசிக்கலாம். அதுக்கு மேல எண்டால் கழுத்தைக் கழட்டித் திருப்பி ஒட்டோணும், உந்த மொடலில அது லேசான வேலை இல்லை. வேறை வார்னிஷ் கீர்னிஷ் ஒண்டும் பூசிப்போடாதை. கீறல் கீறலா இருக்கட்டும்.

ஜெனி: 2.5

டிலான்: சூப்பர்

ரெஜினா மாமி: 95 இடப்பெயர்வில அந்த மழையுக்கை உரப்பை சுத்தித் தூக்கினது. நாவற்குழிப் பாலத்தில ஆக்கள் நிண்ட நிலை. கிற்றாருக்கு இடம் இருந்தது, என்ர சிங்கர் மெசினுக்கு மட்டும் இடம் இல்லை.

மதன்: மாமி திரும்பவுமோ

ரெஜினா மாமி: திரும்பவும்தான். அந்த மெசினாலதான் நாலு சீவன் சாப்பிட்டது. ஒக்டோபர் 30 பின்னேரம் அண்ணியிட்டச் சொன்னனான்.

ஜெனி: மாமி, அம்மா ஒரு கையில என்னையும் மற்றக் கையில அதையும் தூக்கினவ. மெசினை ஆர் தூக்கிறது?

ரெஜினா மாமி: ஓம் ஓம்

டிலான்: யாகப்பர் திருநாளுக்கு ஆரார் வாறியள்? யூலை 25 சனத்துக்கு மெத்தை காணாது

ரெஜினா மாமி: பரிசில இருந்து நாங்கள் நாலு பேர். ரிக்கற் எடுத்தாச்சு

மதன்: விக்க வேண்டாம் ஜெனி. ஓட்டுக் காசை நான் போடுறன்.

ஜெனி: போன வருசமும் போடுறன் எண்டனீங்கள் அண்ணா. சட்டி வைச்சு ஒழுக்கு ஏந்தினது நாங்கள்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

டிலான்: மதன் அண்ணா, வாசிச்சிட்டன்

கெவின்: அம்மம்மாவிட்ட நான் கேட்டனான். ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. அப்பப்ப எடுத்து வாசி எண்டுதான் சொன்னவ

ஜெனி: கெவின், போனை வைச்சிட்டுப் படி.

சீலன் சித்தப்பா: பெடியன் சொல்லுறதையும் கேளுங்கோ. பெரிய வியாழன், நத்தார் கரோல், பாஸ் நாடக ஒத்திகை எண்டு அண்ணை உதோடதான் திரிஞ்சவர். ஒன்றரை லட்சம் குறைவு எண்டோ கூட எண்டோ நான் இங்க ரொறன்ரோவில இருந்து சொல்லக் கூடாது. கூரைக்குக் கீழ படுக்கிறது அண்ணி. நானும் மதனும் பாதி பாதி ஓட்டுக்குப் போடுறம், இந்தக் கிழமையே. அதுக்குப் பிறகும் அண்ணி விக்கச் சொன்னால் விக்கட்டும். ஒழுகுது எண்டதுக்காக மட்டும் அது போகக் கூடாது.

மதன்: ஓம். பாங்க் விபரம் அனுப்பு

ஜெனி: அப்ப ஞாயிறு அந்தாளை வர வேண்டாம் எண்டோ?

சீலன் சித்தப்பா: வரட்டும், பாக்கட்டும். முற்காசு வாங்காதை.

ஜெனி: வந்தால் அம்மா தேத்தண்ணி குடுத்து, கையில குடுத்தும் விட்டிடுவா. முதல் ஆராவது அவவோட கதையுங்கோ.

மதன்: சனி இரவு கோல் எடுக்கிறன்

ஜெனி: சனி பாடகர் ஒத்திகை, அம்மாவும் வருவா. வெள்ளி?

ரெஜினா மாமி: வெள்ளி எனக்கு இரவு வேலை. நான் இல்லாமல் கதைக்க வேண்டாம். டிலான், திருநாளுக்கு கூழ் காய்ச்ச நண்டு 5 கிலோ காணுமோ?

டிலான்: 8 எடுப்பம் மாமி