அப்பா ரிப்போர்ட்ல இருந்த அந்த 30%

எங்கப்பாவுக்கு 68 வயசு, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, இருபது வயசுலேர்ந்து சிகரெட். போன வருஷம் யூரின்ல ரத்தம் வந்துருக்கு, வலி இல்ல, ரெண்டு நாள்ல தானா நின்னுபோச்சு, அதனால யார்கிட்டயும் வாயே தெறக்கல. மறுபடி வந்தப்ப அம்மா பாத்துட்டு எனக்கு போன் பண்ணாங்க. இங்க சிங்கப்பூர்ல, யீஷூன் பாலிகிளினிக்ல லெட்டர் வாங்கி பெரிய ஆஸ்பத்திரி, கேமரா விட்டுப் பாத்தா சிறுநீர்ப்பைக்குள்ள கட்டி, சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க.

டாக்டர பாக்க இன்னும் நாலு நாள் இருக்கு, ரிப்போர்ட் மட்டும் கைக்கு வந்துருச்சு. சிறுநீர்ப்பை கேன்சர், ஹை கிரேட் (வேகமா வளரக்கூடிய ரகம்), டி1 (உள்தோல தாண்டி அடுத்த அடுக்கு வரைக்கும் போயிருக்கு), பி53 பாசிட்டிவ், கேஐ-67 30%. நான் அந்த 30%ஐ அப்பா பொழைக்கிற வாய்ப்புன்னே நெனச்சுட்டேன். நாலு ராத்திரி தூங்கல, அம்மாகிட்டயும் சொல்லல, வீட்டுக்குக் கீழ வாய்ட் டெக்ல உக்காந்து அழுதேன்.

டாக்டர் பேப்பர்ல படம் போட்டு காட்டினாரு. கேஐ-67ங்கறது பிரிஞ்சு பெருகிட்டு இருக்கற செல்லுல மட்டும் இருக்கற புரதமாம், சாயம் போட்டா பழுப்பா தெரியும், நூறு செல்லு எண்ணினா முப்பது பழுப்பு, அவ்வளவுதான் அர்த்தம். பி53ங்கறதும் ஒரு புரதம், நல்ல செல்லுல சீக்கிரம் அழிஞ்சுடும், ஜீன் கெட்டுப்போனா அழியாம சேந்துக்கும், அதனாலதான் சாயம் அழுத்தமா புடிக்குது. ரெண்டும் அதிகமா இருந்தா கட்டி கொஞ்சம் முரடுன்னு ஒரு சாடை, ஆனா லேபுக்கு லேப் எண்ற விதம் மாறும், இத மட்டும் வச்சு ஒரு ஆளோட ஆயுச சொல்ல முடியாதுன்னாரு. ஆழம், கிரேடு, எத்தன கட்டி, எவ்வளவு பெருசு, இதுங்களதான் முதல்ல பாப்பாங்களாம்.

அப்புறம் நான் கவனிக்காமலே விட்ட ஒரு வரிய காட்டினாரு: அனுப்பின சாம்பிள்ல தசையே இல்ல. தசை இல்லன்னா கட்டி தசைக்குள்ள போயிருக்கா இல்லையான்னு அடிச்சு சொல்ல முடியாது. அஞ்சாவது வாரம் திரும்ப சுரண்டினாங்க, இந்த தடவ தசை இருந்துச்சு, அதுல கட்டி இல்ல. அப்புறம் வாரம் ஒண்ணா ஆறு வாரம் பிசிஜி மருந்து சிறுநீர்ப்பைக்குள்ள விட்டாங்க, இங்க பொறந்த புள்ளைங்களுக்கு டிபிக்குப் போடறோமே, அதே கிருமிதான். மருந்த ரெண்டு மணி நேரம் அடக்கி வச்சிருக்கணும், அன்னிக்கு டாய்லெட்ல பிளீச் ஊத்தணும், அதெல்லாம் அம்மா பாத்துக்கிட்டாங்க.

பதில்:
எங்க பெரியப்பாவுக்கு தசையையும் தாண்டி பரவிடுச்சு அக்கா. அவரோட டாக்டர் சொன்ன புரதம் நெக்டின்-4, அது பின்னாடி என்ன ஆகும்னு சொல்றதுக்கு இல்ல, மருந்து போயி ஒட்டிக்கிற எடம். பெரும்பாலான சிறுநீர்ப்பை கட்டில அது இருக்கறதால டெஸ்ட் கூட பண்ணாம ஆரம்பிச்சாங்க. 2023ல வந்த பெரிய ஆராய்ச்சில, அந்த மருந்தும் இம்யூனோதெரபியும் சேத்து எடுத்தவங்க உயிரோட இருந்த காலம் நடுமட்டமா 31.5 மாசம், பழைய கீமோவுல 16.1. கைகால் மரத்துப்போகுது, ஆனா தேக்காவுக்கு தானே போயி மீன் வாங்கிட்டு வராரு.

பதில்:
அக்கா, இப்பதான் எங்க மாமா ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன். அவருக்கும் டி1, தசை இல்லன்னுதான் போட்ருக்கு. சுரண்டி நாலு வாரம் ஆச்சு, அடுத்த அப்பாயின்மெண்ட் மூணு மாசம் கழிச்சுத்தான்.

பதில்:
தம்பி, காலையில முதல் வேலையா கிளினிக்குக்கு போன் பண்ணுங்க. தசை இல்லங்கற வரிய அப்படியே படிச்சுக் காட்டி, திரும்ப சுரண்டணுமான்னு கேளுங்க, மூணு மாசம் காத்திருக்காதீங்க.