புதுப்பிப்பு: ‘சிம்மர்’, குழம்புக்கும் கோபத்துக்கும்

முந்தைய பதிவில் ‘சிம்மர்’ என்ற ஆங்கில வினைக்கு ‘கொதி’ என்று பொருள் கொடுத்திருந்தேன். அது போதாது, திருத்துகிறேன்.

‘அடுப்பை சிம்ல வை’ என்கிறோமே, அந்த ‘சிம்’ இதே சொல்லின் முன்பாதிதான். பூண்டுக் குழம்பில் புளிக்கரைசல் ஊற்றியதும் தளதளவென்று பொங்குவது ‘பாயில்’. தீயைக் குறைத்த பிறகு சட்டி ஓரத்தில் சின்னக் குமிழி ஒன்று எழும்பி உடையும், சற்று விட்டு இன்னொன்று வரும். சூடு ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். அதுதான் ‘சிம்மர்’. செட்டிநாட்டுக் குழம்பில் பச்சை வாசனை போய் நல்லெண்ணெய் மேலே பிரிவது இப்படி விட்டு வைக்கும்போதுதான். குழம்பு சுண்டுவதைச் சொல்ல ‘ரெட்யூஸ்’ என்ற வேறு வினை இருக்கிறது.

உருவகத்திலும் அந்தக் குமிழிதான் அளவுகோல். வீட்டுப் பங்கு விஷயத்தில் பங்காளி ஒருவர் வருஷக்கணக்காக உள்ளுக்குள் புழுங்கினால், ‘ஹி இஸ் சிம்மரிங் வித் ரிசென்ட்மென்ட்’. உணர்ச்சிக்கு முன்னால் ‘வித்’ வரும். வளவில் நின்று கத்தித் தீர்த்துவிட்டால் அது ‘பாயில் ஓவர்’.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. ‘சிம்மர் த சாஸ்’ சரி. ‘ஹி சிம்மர்ட் ஹிஸ் ஆங்கர்’ தவறு. உருவகப் பொருளில் இந்த வினை செயப்படுபொருள் ஏற்பதில்லை. ‘ஹிஸ் ஆங்கர் சிம்மர்ட்’ என்றே எழுத வேண்டும்.

‘சிம்மர் டவுன்’ என்றால் ‘கொஞ்சம் அடங்கு’. தோழனிடம் சொல்லலாம், ஆச்சியிடம் வேண்டாம்.